வீட்டு ஒலிப்பதிவு மென்பொருட்கள்: கொஞ்சம் வம்சாவளி, கொஞ்சம் வரவு செலவு

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது? இங்கே நாக்பூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால், டிரான்ஸ்ஃபர், ஸ்கூல் அட்மிஷன், ஊருக்கு டிக்கெட் எல்லாம் பேசி முடித்த பிறகு இப்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது. ஒரு வீட்டில் பையன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். இன்னொரு வீட்டில் பெண் தானே மெட்டுப் போடுகிறாள். பதில் சொல்கிற ஒவ்வொருவரும் தன் கணினியில் இருப்பதைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

பெண் கொடுக்கும்போது பையன் சம்பளத்தை மட்டுமா பார்க்கிறோம்? குடும்பத்தையும் விசாரிக்கிறோம் அல்லவா? மென்பொருளுக்கும் அதையே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கிடைத்த சரித்திரம் எதிர்பார்த்ததைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது.

(டிஸ்கி: அடியேன் பி.காம்., வேலை வங்கியில். இசைக்கலைஞன் அல்ல. கணக்குப்பிள்ளை பார்வை அங்கங்கே எட்டிப் பார்க்கும். பொறுத்தருள்க.)

கேசட் காலம்

கொசுவத்தியை 1979ல் இருந்து சுற்றலாம். அந்த வருடம் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்று ஒரு பெட்டியை வெளியிட்டது. நம் வீடுகளில் இருந்த அதே சாதாரண கேசட்டில் நாலு தனித்தனி தடங்கள். ஒன்றில் கிடார், ஒன்றில் குரல், இன்னொன்றில் தாளம் என்று ஒரே ஆள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யலாம். தரம் கூட வேண்டும் என்பதற்காக நாடா இரட்டை வேகத்தில் ஓடும். நாலு தடமும் ஒரே திசையில் என்பதால் கேசட்டைத் திருப்பிப் போடவும் முடியாது. ஆக 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான்.

ஐந்தாவது தடம் வேண்டுமென்றால்? மூன்று தடங்களைக் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி உபயோகிக்க வேண்டும். கலந்தது கலந்ததுதான், பிறகு பிரிக்க முடியாது.

இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தார். தன் குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரி, அவ்வளவே. பிறகு ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே அதே வருடம் செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். வீட்டில் எடுத்ததும் கடைக்குப் போகலாம் என்பதற்கு அது பெரிய அத்தாட்சி.

காசோலையும் ரொக்கமும்

அடுத்த திருப்பம் 1983 ஜனவரி. அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு ஒயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் வாசித்தது. அதுதான் மிடி. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று செய்தது. இதற்காக 2013ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

மிடி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அது காசோலை, ரொக்கம் அல்ல. "இந்த ஸ்வரத்தை, இந்த அழுத்தத்தில், இப்போது வாசி" என்ற உத்தரவு மட்டும்தான் அதில் இருக்கிறது. சத்தம் இல்லை. உத்தரவு என்பதால் இடமும் கொஞ்சம்தான். ஒரு ஸ்வரத்தைத் தொடங்க மூன்று பைட், நிறுத்த மூன்று பைட். ஐயாயிரம் ஸ்வரம் உள்ள பாட்டுக்கு 30,000 பைட் போதும். அசல் சத்தம் என்றால் சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும்.

இந்தக் கணக்குப் புரிந்தால் 1980களின் சரித்திரம் முழுக்கப் புரிந்துவிடும். 1985ல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பு பெட்டியிலேயே இருந்தது. அதன் 1040 மாடலில் மொத்த நினைவகமே ஒரு மெகாபைட்தான். சத்தம் கொள்ளாது, ஆனால் உத்தரவுகள் தாராளமாகக் கொள்ளும். எனவே ஜெர்மனியில் இரண்டு சிறிய கம்பெனிகள் மிடி மென்பொருட்களை எழுதின. ஹாம்பர்கில் 1984ல் கார்ல் ஸ்டைன்பர்கும் மான்ஃபிரெட் ரூருப்பும் தொடங்கிய ஸ்டைன்பர்க் ஒன்று. சி-லேப் மற்றது.

ஸ்டைன்பர்க் 1989ல் அட்டாரிக்கு கியூபேஸைக் கொண்டுவந்தது. தடங்கள் மேலிருந்து கீழே, காலம் இடமிருந்து வலமாக. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் நீங்கள் பார்க்கும் படம் ஏறக்குறைய அதுதான். சி-லேபின் நொட்டேட்டர் வாசித்ததை மேற்கத்திய ஸ்வரக்குறிப்பாகத் திரையில் காட்டியது. அதை எழுதியவர்கள் பிறகு இமேஜிக் என்ற கம்பெனியாகி லாஜிக்கை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 1987ல் கிரெக் ஹெண்டர்ஷாட் டாஸ் கணினிகளுக்காக கேக்வாக்கை வெளியிட்டார்.

நம் ஊரிலும் இதே காலம்தான். ஏ.ஆர். ரஹ்மான் 1989ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 'ரோஜா' வந்தது 1992ல். வீட்டு ஸ்டுடியோ என்ற சொல்லுக்குத் தமிழில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

சத்தம் கணினிக்குள் வந்தது

கலிஃபோர்னியாவின் டிஜிடிசைன் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தது. அவர்களுக்கு உத்தரவு முக்கியமல்ல, ரொக்கம்தான் முக்கியம். 1989ல் சவுண்ட் டூல்ஸ், 1991ல் நாலு தடங்களோடு புரோ டூல்ஸ். விலை சுமார் 6,000 டாலர். மேக்கின்டாஷ் கணினி தனி. 1991 ஜூலை ரூபாய் மதிப்புக் குறைப்புக்குப் பிறகு டாலர் ஏறக்குறைய 26 ரூபாய். கணக்குப் போடுங்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேல். இறக்குமதித் தீர்வை தனி. அன்றைக்கு ஒரு வங்கி அதிகாரி வீட்டுக் கடனாகக் கேட்கக்கூடிய தொகை அது :-)

காசுக்கு என்ன கிடைத்தது? நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய வேலையைத் திரையில் செய்யலாம், அசலுக்குச் சேதமில்லாமல். இது வங்கிக்காரனுக்கு உடனே புரியும். தப்பான பதிவை நாங்கள் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு போடுவோம், அசல் அப்படியே இருக்கும். 1999ல் ரிக்கி மார்ட்டினின் 'லிவின் லா விடா லோகா' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பதிவு, தொகுப்பு, கலவை எல்லாமே புரோ டூல்ஸுக்குள் நடந்து முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் சாமானியர் வீட்டுக்குக் கதவைத் திறந்தது ஸ்டைன்பர்க். 1996ல் விஎஸ்டி வந்தது. எதிரொலி, சமனாக்கி போன்ற பெட்டிகளை எல்லாம் சிறு ப்ளக்-இன்களாக்கி, மற்றவர்களும் எழுதிக்கொள்ளட்டும் என்று அதன் விவரக்குறிப்பையும் வெளியே கொடுத்தார்கள். 1999ல் இசைக்கருவிகளும் அதே வழியில் ப்ளக்-இன்கள் ஆகின.

1997ல் அவர்களே கொண்டுவந்த ஆசியோ இன்னொரு தொல்லையைத் தீர்த்தது. மைக்கில் பாடினால் ஹெட்போனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்கும் தொல்லைதான். பத்து மில்லிநொடி தாமதம் என்றால், மிருதங்கக்காரர் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். சமாளிக்கலாம். நூறு மில்லிநொடி என்றால் அவர் 34 மீட்டர் தள்ளித் தெருமுனையில் இருக்கிறார். பாட முடியாது.

பிறகு வந்ததெல்லாம் வரிசையாக. பெல்ஜியத்தில் 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ். தாளம் கட்டும் கட்டங்களில் ஆரம்பித்த இது 2003ல் எஃப்எல் ஸ்டுடியோ ஆனது. 2000ல் இலவச ஆடாசிட்டி. 2001ல் பெர்லினில் இருந்து மேடையில் வாசிப்பவர்களுக்காக ஏபிள்டன் லைவ். 2004ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட். 2006ல் வின்ஆம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கலின் ரீப்பர் 1.0.

ஆயுள் முழுக்க... யாருடைய ஆயுள்?

இனிமேல்தான் எனக்கு முக்கியமான பகுதி. ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் வசதிகளை ஒப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் மாறினால் குடித்தனக்காரர் கதி என்ன என்று பார்ப்பதில்லை.

2002 ஜூலையில் ஆப்பிள் இமேஜிக்கை வாங்கியது. அதே வருடம் செப்டம்பர் முடிவோடு விண்டோஸுக்கான லாஜிக் நின்றது. விண்டோஸ் கணினியில் லாஜிக்கை வைத்துப் பாட்டுப் போட்டவர்கள் கணினியை மாற்றவேண்டும், இல்லையேல் மென்பொருளை மாற்றவேண்டும். ஸ்டைன்பர்க் முதலில் பினாக்கிளிடம் போய், பிறகு யமஹாவிடம் போனது.

கேக்வாக்கின் கதை இன்னும் விசேஷம். 2001ல் சோனார் என்று பெயர் மாறி, ரோலண்ட் கைக்குப் போய், 2013ல் கிப்சன் கைக்கு வந்தது. 2016ல் "ஆயுள் முழுக்க இலவச மேம்பாடு" என்று விற்றார்கள். 2017 நவம்பரில் கிப்சன் மென்பொருள் வேலையையே நிறுத்திவிட்டது! ஆயுள் என்றதும் நம் ஆயுள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். 2018ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகக் கொடுத்தது பலருடைய அதிர்ஷ்டம். 2025ல் மறுபடி சோனார் என்ற பெயர், இலவசப் பிரிவோடு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவும் அதே 'ஆயுள்' வாக்குறுதியைத்தான் கொடுத்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அதைக் காப்பாற்றியும் வருகிறது. ஒரே பத்திரம், இரண்டு கம்பெனி, இரண்டு முடிவு.

இத்தனை கைமாற்றத்திலும் மாறாமல் நின்றவை எவை? 1983ன் மிடி. 1991ல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவ் கோப்பு. இரண்டும் ஒரு மென்பொருளுக்குச் சொந்தமானவை அல்ல. மென்பொருளின் சொந்தக் கோப்பு, அதாவது புராஜெக்ட் ஃபைல், அவர்கள் வீட்டுப் பேரேடு. அந்தக் கடை இருக்கும்வரைதான் அதைப் படிக்க ஆள் இருக்கும். வேவ் கோப்பு கையில் உள்ள ரொக்கம். எந்த ஊரிலும் செல்லும்.

நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பம் இல்லை. என் அம்மா பாடும் தாலாட்டுகளும் நலங்குப் பாட்டுகளும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளிடம் அந்தப் பாட்டுகள் போய்ச் சேர வேறு வழி கிடையாது, குரலாகத்தான் போகவேண்டும். ஒரு ஏப்ரல் மத்தியானம் கூலரை நிறுத்திவிட்டு, தங்கமணி குக்கரை இறக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதினொரு பாட்டுப் பதிவு செய்தோம். இன்னும் முப்பது வருடம் கழித்து அவள் திறந்தால் அது திறக்க வேண்டும்.

ஆக, எதை எடுப்பது?

1. குரல் மட்டும் பதிவு செய்ய ஆடாசிட்டி போதும். இலவசம்.

2. பல தடம் வேண்டும், செலவு குறைவாக வேண்டும் என்றால் ரீப்பர். 60 நாள் சோதனை, பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர், அதாவது ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். 1991ன் ஒன்றரை லட்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. தாளத்தில் இருந்து பாட்டுப் பிறக்கும் பிள்ளைகளுக்கு எஃப்எல் ஸ்டுடியோ. காசு கொடுக்காத சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது. வாங்கும்போது எந்தப் பதிப்பில் குரல் பதிவு வசதி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

4. கீபோர்டு முறையாகக் கற்று, ஸ்வரக்குறிப்பு படிப்பவர்களுக்கு கியூபேஸ். மேக் இருந்தால் கராஜ்பேண்டில் தொடங்கி லாஜிக். அட்டாரி காலத்து வம்ச குணம் இரண்டிலும் இன்னும் இருக்கிறது.

5. பின்னாளில் ஸ்டுடியோ வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் புரோ டூல்ஸ். 2022ல் வந்த இன்ட்ரோ பதிப்பு இலவசம். எட்டு ஒலித் தடங்கள் உண்டு.

எதை எடுத்தாலும் பாட்டு முடிந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியில் இருந்து தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். மிடி இருந்தால் அதையும். கூடவே ஒரு சாதாரண உரைக் கோப்பில் பாடியவர் பெயர், தேதி, தாள வேகம், பாட்டின் வரிகள். நாலு தடம், நாலு நிமிடப் பாட்டுக்கு சிடி தரத்தில் எல்லாம் சேர்ந்து 170 மெகாபைட்கூடத் தாண்டாது. 16 ஜிபி பென் டிரைவில் தொண்ணூறு பாட்டுகளாவது அடங்கும். இரண்டு பிரதி போட்டு, ஒன்றை ஊரில் தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யார் பாடுகிறார்கள், எதில் பதிவு செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மைக் வாங்குவது பற்றி அடுத்த முறை. இப்போதைக்கு ஜூட்!