கோவைக்குள் இரு பெயர்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் ஒருவரின் கையிலுள்ள கோவையை எண்ணிப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டுப் போரில் பத்திரங்களைப் பறிகொடுத்து, அலுவலகந்தோறும் அலைந்து பிரதி பெற்ற மக்களின் மண் இது. இங்கு ஒரு தாளின் விலையை எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயின் விண்ணப்பதாரி ஒரு திருநங்கையாயின், பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கூறும். முகம் வேறொன்றைக் கூறும். மேசைக்கு அப்பாலிருப்போர் தகைமையை விட்டு உடலை விசாரிக்கத் தலைப்படுவர்.

இப்பார்வை நேற்றுப் பிறந்ததன்று. 1883இல் ஆங்கில ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிற்று. சுதந்திர இலங்கை 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது அதை நீக்கவில்லை. பெண்களையும் அதனுள் இழுத்துக்கொண்டது! 2016இல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. பிறப்புப் பதிவைத் திருத்த வழி பிறந்தது. தற்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் யாப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. அது சட்டமாகுமுன்னரே, 2024இல், பாராளுமன்றம் கலைந்தது.

தமிழகத்தில் பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள், விண்ணப்பம் தள்ளப்பட்டது. திருநரின் உரிமையை இந்திய உச்சநீதிமன்றம் 2014இலேயே ஏற்றிருந்தும் படிவம் மாறவில்லை. தேர்வின் படிதோறும் அவர் நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது. நூறு மீற்றர் ஓட்டத்தில் ஒரு வினாடிக்குச் சற்றே அதிகமான தாமதம், அதுவும் தடையாயிற்று. 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் தருமபுரியில் கடமையேற்றார். ஓட்டத்தின் தூரம் நூறு மீற்றர்தான். படிவத்தின் இரண்டு கட்டங்களைத் தாண்டவன்றோ ஆண்டுகள் சென்றன!

வன்னி இளைஞர் என் செய்வது? 'ஏன் மணமாகவில்லை?' என்று கேட்டால், பணிவு குன்றாமல், 'இது எக்கடமைக்குத் தேவை, ஐயா?' என வினவலாம். வேலை வேண்டி நிற்பவனுக்கு அது எளிதன்று; நாம் அறிவோம். ஆகவே, வெளியே வந்ததும், கேட்கப்பட்ட வினாக்களையும் நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பது நன்று. அரச பதவியாயின் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. நீதிமன்றமோ 300 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பில். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணைக் காலம் அத்தவணையில் கணக்கிடப்படாது. தனியார் ஆலையின் வாசலில் இவ்வழியும் இல்லை. அங்கே அடிப்படை உரிமை மனு செல்லாது.