சங்கு (சின்னம்)

கடல் தந்த ஓடு அரசின் இலச்சினையாகவும் யாத்திரிகரின் அடையாளமாகவும் உயர்ந்தது ஐரோப்பாவிலும் நடந்தது, இந்தியாவிலும் நடந்தது. அங்கே விசிறி வடிவச் சிப்பி, இங்கே சங்கு.

ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் உள்ள புனித யாக்கோபின் தலத்துக்குச் சென்றவர்கள், 12ஆம் நூற்றாண்டிலேயே, அப்பகுதிக் கடற்கரையின் சிப்பியை உடையில் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். பின்னர் அது பிரபுக்களின் கேடயச் சின்னங்களில் ஏறியது. இங்கிலாந்தின் ஸ்பென்சர் குடும்பச் சின்னத்தில் மூன்று சிப்பிகள் உண்டு. 2005இல் திருத்தந்தையான 16ஆம் பெனடிக்டின் சின்னத்திலும் சிப்பி இருந்தது.

சங்கு திருமாலின் கையில் இருப்பது. அதனால் அதை இலச்சினையாகக் கொண்ட நாடுகளில் தலையாயது திருவிதாங்கூர். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசர் என்ற பெயரில் ஆண்டார். நாடே பெருமாளுடையது என்றானபின் இலச்சினையும் அவருடையதாக இருப்பதே முறை. 1888இல் திருவிதாங்கூர் வெளியிட்ட முதல் அஞ்சல் தலைகளில் அரசரின் முகம் இல்லை, சங்குதான் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியத் தலைகளில் விக்டோரியா வீற்றிருந்த காலம் அது. கேரள அரசின் முத்திரையில் இன்றும் இரு யானைகளுக்கு நடுவே அந்தச் சங்கு உள்ளது.

யாத்திரையில் சங்கு இன்னும் ஆழமாகப் பதிந்தது. துவாரகை சென்றவர்கள் சங்கு சக்கர முத்திரையை உடலில் சூடிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தென்னாட்டு வைணவர்களுக்குச் சமாசிரயணம் என்னும் தீட்சைச் சடங்கின்போது ஆசாரியர் வலத் தோளில் சக்கரமும் இடத் தோளில் சங்கும் பொறிப்பார். ஐரோப்பிய யாத்திரிகர் சிப்பியைக் கழற்றி வைக்கலாம். இதைக் கழற்ற வழியில்லை.

சைவர்களுக்குத் திருக்கழுக்குன்றம் உண்டு. அங்குள்ள சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்பது நம்பிக்கை. உப்புநீர் உயிரினம் நன்னீர்க் குளத்தில் பிறப்பதுதான் பக்தர்களுக்கு அதிசயம்.

சங்கு, சிப்பி இரண்டையும் மலேசியத் தமிழர் அறிவர். லாபிஸ் போன்ற ஜோகூர் ஊர்களில் சங்கு கோயில் பூசைக்கும் உரியது, சாவு வீட்டுக்கும் உரியது. சிப்பியோ பெட்ரோல் நிலையப் பலகையில் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது. ஷெல் நிறுவனம் விசிறிச் சிப்பியைத் தன் சின்னமாக்கிக்கொண்டது 1904இல்.