வைரஸ் தடுப்பு மென்பொருளும் மாற்றுக் காப்பு முறைகளும்: தென்சென்னை

கணினிக் காப்பின் இரு வேறு வழிகள் தென்சென்னையின் கீழ்க்கட்டளைக்கு இருபுறமும் வேரூன்றின. தென்கிழக்கே சோழிங்கநல்லூரில் இருப்பது கே7 கம்ப்யூட்டிங். 1991இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய இது, இந்தியாவின் பழைய வைரஸ் தடுப்பு நிறுவனங்களில் ஒன்று. மேற்கே குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவோடு சேர்ந்து, லினக்ஸ் இயங்குதளம் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கியது.

பிளாப்பி காலத்தில் தடுப்பானின் வேலை எளிது: தெரிந்த வைரஸின் அடையாளத்தைக் கோப்புகளில் தேடுவது. புதிதாக வருவதை அது தவறவிடும். குற்றம் நிறுவனங்களுடையது அல்ல. எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று கணினி ஆய்வாளர் ஃபிரெட் கோயன் 1980களிலேயே நிறுவிவிட்டார். பழைய கணினி மந்தமாவதும், ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுவதும் சில்லறைத் தொல்லைகள். பெரிய ஆபத்து வேறு: தடுப்பானுக்கு இயங்குதளத்தின் அடித்தளம்வரை அதிகாரம் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி தடுப்பானின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தனர். அன்று எந்த வைரஸும் வரவில்லை, காவலே கவிழ்த்தது.

மாற்று வழியில் முதலில் வந்தது லினக்ஸ். சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றது. லினக்ஸுக்கு வைரஸே வராது என்ற பேச்சு மட்டும் நிலைக்கவில்லை. 2025இல் பாஸ் லினக்ஸ் பயன்படுத்தும் அரசுக் கணினிகளைக் குறிவைத்தே தீநிரல்கள் அனுப்பப்பட்டன.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பணயத் தீநிரலின் தாக்குதல் இன்னொரு பாடம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது, போடாதவர்களே மாட்டினர். 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளும் பணயத் தீநிரலுக்கு இலக்காயின. அத்தகைய வேளையில் கைகொடுப்பது, கணினியிலிருந்து கழற்றி வைத்த வட்டிலுள்ள நகல்தான்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிஃபெண்டர் என்ற தடுப்பான் விண்டோசின் உள்ளேயே இருக்கிறது. அதோடு உடனுக்குடன் புதுப்பிப்பு, அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமற்ற கணக்கு, தனி நகல், 'கிராக்' மென்பொருளைத் தொடாமை ஆகியவை சேர்ந்தால், வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து வாங்கும் தடுப்பான் பெரும்பாலும் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. புதுப்பிப்பு நின்ற கணினியின் ஓட்டைகளை எந்தத் தடுப்பானும் அடைக்காது.