ஜொகூர்க் கடலின் பெரிய உயிர்கள்



குளுவாங், ரெங்கம், கூலாய், யோங் பெங் என்று தோட்டப்புறங்களில் வாழ்ந்த நமக்கு, ஜொகூர் என்றதும் நினைவுக்கு வருபவை பால்மரமும் செம்பனையும்தாம். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், இந்த மாநிலத்தின் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பது தெரியும். மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். அந்தக் கடல்களில் மீன்கள் மட்டுமா வாழ்கின்றன? நம்மைப் போலவே காற்றைச் சுவாசித்து, குட்டி ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும் உயிர்களும் அங்கே உண்டு. திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகியவை அவை. ஓங்கில் என்பது டால்பினுக்குத் தமிழில் உள்ள பழைய பெயர்.

படகேறிச் சென்று இந்த உயிர்களைப் பார்த்துவிட்டு வருவது இன்று உலகின் பல நாடுகளில் விடுமுறைப் பொழுதுபோக்காக இருக்கிறது. ஆனால் மனிதன் ஈட்டியோடு கடலுக்குப் போன காலம்தான் மிக நீண்டது. வெறுங்கையோடு போய்ப் பார்த்துத் திரும்பும் வழக்கம் அண்மையில் வந்தது. இந்த மாற்றம் எப்படி ஏற்பட்டது? இதில் ஜொகூருக்கும் நம் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு? இவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த உயிர்கள் நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்காள விரிகுடாவைக் கடந்துதான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இன்றும் வரும். அந்தக் கடல் வழியெங்கும் ஓங்கில்கள் உண்டு. கப்பல் தண்ணீரைக் கிழித்துச் செல்லும்போது அதன் முன்முகத்தில் ஓர் அலை எழுகிறது. அந்த அலை தங்களைத் தள்ளிக்கொண்டு போவதால், ஓங்கில்கள் அதிகச் சிரமமில்லாமல் கப்பலுக்கு முன்னே துள்ளி வரும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த மக்களுக்குக் காசு கேட்காத காட்சி அது.

ஜொகூர்க் கடலின் கதையைக் கடற்பசுவிலிருந்து தொடங்குவோம். மலாய்க்காரர்கள் இதை டூயோங் என்பார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூன்று மீட்டர் வரை நீளமும், ஏறத்தாழ நானூறு கிலோ வரை எடையும் கொண்ட சாதுவான விலங்கு இது. கடலடியில் வளரும் புல்லை மட்டுமே நம்பி வாழ்கிறது. பெயர்தான் பசு; உறவு யானையோடு. நிலத்தில் வாழும் விலங்குகளில் இதற்கு நெருங்கிய இனம் யானையே என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். கோத்தா திங்கி, மெர்சிங் பக்கத்துத் தோட்டங்களில் யானை இறங்கிய கதைகளைக் கேட்டவர்கள் நாம். அந்த யானையின் தூரத்து உறவினர் சில மைல் தொலைவில் கடலுக்குள் மேய்ந்துகொண்டிருக்கிறார் என்பது வியப்பல்லவா?

1819ஆம் ஆண்டு, ஜொகூர் அரசின் பகுதியாக இருந்த சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் ஊன்றினர். அதை அடுத்த ஆண்டே, சர் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் எழுதிய கடற்பசுவைப் பற்றிய ஒரு குறிப்பு, லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. மலாய் மக்கள் கடற்பசுவை ஈட்டியால் வேட்டையாடுவதையும், அதன் இறைச்சி மன்னருக்கு உரியதாகக் கருதப்பட்டதையும் அவர் அதில் எழுதினார். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. குட்டியைப் பிடித்துவிட்டால் தாய் தானாகவே தேடி வரும் என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். பிடிபட்ட குட்டி விடும் கண்ணீரைச் சேமித்து வைத்தால், நாம் விரும்புகிறவர்களின் அன்பு நிலைக்கும் என்றும் மக்கள் நம்பினார்கள். தாயன்புக்கு உதாரணமாகப் பேசப்பட்ட விலங்கு, அந்த அன்பினாலேயே ஈட்டிக்கு இரையானது. இந்த முரண்பாடு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அடுத்தது திமிங்கிலத்தின் கதை. மலாக்கா நீரிணையும் ஜொகூரின் கிழக்குக் கடலும் ஆழம் குறைந்தவை. ஆகவே பெரிய திமிங்கிலங்கள் இங்கே வருவது அரிது. அரிதாக வந்த ஒன்று பெரும் புகழ் பெற்றது. 1892ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலாக்காவுக்குத் தெற்கே சா பத்து என்னுமிடத்தில், 42 அடி நீளமுள்ள திமிங்கிலம் ஒன்று உயிரோடு கரை ஒதுங்கியது. அது கடலுக்குத் திரும்பிவிடாதபடி மக்கள் கழிகளை நட்டு மறித்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் உயிரோடு கிடந்து, பின்னர் அது இறந்தது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூரின் ராபிள்ஸ் அரும்பொருளகத்துக்கு வழங்கப்பட்டது. வைக்க இடமில்லாமல் பல ஆண்டுகள் கிடந்த எலும்புகள், 1907ஆம் ஆண்டு புதிய கூடத்தின் மேற்கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டன. சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பல தலைமுறைகள் அண்ணாந்து பார்த்த அந்த எலும்புக்கூடு, 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர் தேசியப் பொருட்காட்சிசாலைக்கு வந்தது. பின்னர் லாபுவானுக்குச் சென்றது. உயிரோடு இருந்தபோது ஒரு வாரம் பார்க்கப்பட்ட விலங்கை, இறந்த பிறகு நூறாண்டுக்கு மேலாக மக்கள் பார்த்து வந்திருக்கிறார்கள்.

நம் கரையில் எலும்புக்கூடு அதிசயப் பொருளாக இருந்த அதே காலத்தில், தொலைவிலுள்ள குளிர்க் கடல்களில் திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. எதற்காக? எண்ணெய்க்காக. ஒரு காலத்தில் மேல்நாட்டு வீடுகளிலும் தெருக்களிலும் விளக்கு எரிந்தது திமிங்கில எண்ணெயால்தான். மண்ணெண்ணெய் வந்தபின் விளக்குக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. உடனே திமிங்கில எண்ணெய் சவர்க்காரமாகவும், ரொட்டியில் தடவும் மார்ஜரினாகவும் மாறியது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சவர்க்காரம், மார்ஜரின் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். ஆம், செம்பனை எண்ணெய்தான்! சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. பின்னர் ஜொகூருக்கும் அது பரவியது. 1961ஆம் ஆண்டு கூலாய்க்கு அருகே தாயிப் அண்டாக் நிலக்குடியேற்றத் திட்டத்தில் பெல்டா செம்பனையைப் பயிரிட்டது. அதன்பின் பால்மரம் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. நம் பெற்றோர் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி, ஆலைக்கு அனுப்பிய எண்ணெய், உலகச் சந்தையில் திமிங்கில எண்ணெய் இருந்த இடத்துக்கு வந்த எண்ணெய்களுள் ஒன்று.

இதை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. செம்பனை மட்டும் திமிங்கிலத்தைக் காப்பாற்றிவிடவில்லை. கண்மூடித்தனமாக வேட்டையாடியதால் திமிங்கிலங்கள் அருகிப்போயின. தேடி அலைந்தாலும் லாபம் கிடைக்கவில்லை. மக்களின் மனமும் மாறிவந்தது. 1982ஆம் ஆண்டு அனைத்துலகத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்க முடிவு செய்தது. சில நாடுகள் அதை ஏற்காமல் வேட்டையைத் தொடர்ந்தாலும், பெரும் வேட்டைக் காலம் அத்துடன் முடிந்தது. மலிவாக வேறு எண்ணெய் கிடைத்தது அந்த முடிவை எளிதாக்கியது என்று நாம் சொல்லலாம்.

வேட்டை ஒருபுறம் நடந்துகொண்டிருந்தபோதே, மறுபுறம் வேடிக்கை பார்க்கும் பழக்கம் தோன்றிவிட்டது. 1955ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் மீனவர் ஒருவர் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, சாம்பல் திமிங்கிலங்களைப் பார்க்க மக்களைப் படகில் அழைத்துச் சென்றார். இறந்த திமிங்கிலம் ஒருமுறைதான் காசு தரும். உயிரோடு இருக்கும் திமிங்கிலம் ஆண்டுதோறும் காசு தரும் என்பதை உலகம் மெல்லப் புரிந்துகொண்டது. இலங்கையில் தமிழர் வாழும் திருகோணமலையிலும், கரைக்கு அருகிலேயே கடல் மிக ஆழமாக இருப்பதால், உலகின் மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கிலத்தைப் படகில் சென்று பார்க்க முடிகிறது.

ஜொகூரில் திமிங்கிலம் அரிது என்றோம். இங்குள்ள செல்வம் ஓங்கிலும் கடற்பசுவும்தாம். மெர்சிங் மாவட்டத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994ஆம் ஆண்டு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் சீபு, திங்கி ஆகிய தீவுகளைச் சுற்றிக் கடற்புல் செழித்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் கடற்பசுக்கள் முக்கியமாக வாழும் இடம் இதுவே. இங்கே சிறிய விமானத்தில் பறந்து கடற்பசுக்களைக் கணக்கெடுத்த ஆய்வாளர்களுள் ஒருவர் முனைவர் லூயிசா பொன்னம்பலம். 2012ஆம் ஆண்டு மேர்செட் என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெயரைக் கேட்கும்போது நமக்கும் ஒரு நெருக்கம் தோன்றுகிறது அல்லவா? கடல் ஆராய்ச்சி யாருக்கோ உரிய படிப்பு என்று நம் பிள்ளைகள் ஒதுங்க வேண்டியதில்லை.

ஜொகூர் மக்களின் மனத்தைக் கடற்பசுவின் பக்கம் திருப்பியது ஒரு குட்டிதான். 1999ஆம் ஆண்டு பாசிர் கூடாங் பக்கத்துக் கடலில் ஒரு கடற்பசுக் குட்டி மீனவர் கையில் சிக்கியது. அமைதியானவள் என்ற பொருளில் அதற்கு ‘சி தெனாங்’ என்று பெயரிட்டார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் குட்டி நெடுநாள் வாழவில்லை. அதே 1999ஆம் ஆண்டு வந்த மீன்வளச் சட்ட விதிகள், கடற்பசு, ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றைப் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் தடை விதித்தன.

சட்டம் வந்துவிட்டது; ஈட்டியும் போய்விட்டது. பிறகு ஏன் கவலை? கடற்பசு ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் ஈனும். கருவைச் சுமப்பது ஓராண்டுக்கு மேல். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் கூட ஆகும். ஆகவே வலையில் சிக்கியும் படகு மோதியும் ஆண்டுக்குச் சில இறந்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும். கடற்புல்லும் குறைந்து வருகிறது. ஜொகூரின் தென்மேற்கே, சுங்கை பூலாய் ஆற்று முகத்துவாரத்தில் மெராம்போங் என்ற புகழ்பெற்ற கடற்புல் மேடு உண்டு. 2014ஆம் ஆண்டு அங்கே செயற்கைத் தீவுகள் அமைக்க மணல் கொட்டப்பட்டபோது, அந்த மேட்டின் ஒரு பகுதி புதைந்தது. கடற்பசுவை யாரும் தொடவில்லை. அதன் மேய்ச்சல் நிலம்தான் போயிற்று. மாடு வளர்த்த நமக்கு இதன் பொருள் விளங்கும்.

கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். காட்டை அழித்து வெறுமையாக்கிய மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கினால், கடல் கலங்கிப் புல் வெயில் காணாது. ஒரு வகையில் திமிங்கிலத்துக்குத் துணைநின்ற செம்பனை, நிலத்தைக் கவனமில்லாமல் திருத்தும்போது கடற்பசுவுக்குப் பகையாகிவிடுகிறது. ஆற்றங்கரையில் மரங்களை விட்டுவைப்பதும், சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தும் கொடிகளை வளர்ப்பதும் தோட்டத்துக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது. குப்பையும் அப்படியே. 2015ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரின் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த பெண் திமிங்கிலம் ஒன்றின் வயிற்றில், கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குவளையும் உணவு உறைகளும் கிடந்தன.

நேயர்களே, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இந்தக் கடலைப் பார்க்கப் போகலாம். தஞ்சோங் லேமான் படகுத்துறையிலிருந்து சீபு தீவுக்குப் படகுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அந்த மாதங்களில் கடற்பயணம் வேண்டாம். கடற்பசு மூச்சுவிட மேலே வரும்போது மூக்கும் சிறிது முதுகும்தான் தெரியும்; சில நொடிகளில் மறைந்துவிடும். ஓங்கிலைக் கண்டால் விரட்டச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தக் கூடாது. வேகத்தைக் குறைத்து, ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று பார்ப்பதே முறை. குட்டியோடு இருந்தால் இன்னும் விலகிச் செல்வோம். கரையில் அடிபட்டோ இறந்தோ கிடக்கும் உயிரைக் கண்டால் மீன்வளத் துறைக்கு உடனே தெரிவிப்போம்.

போய்வந்தும் ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம். காசு வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். 1892இல் ஒரு திமிங்கிலத்தைப் பார்ப்பதற்காக அதைக் கழி நட்டு மறித்தார்கள். நாமோ, அது தன் விருப்பப்படி வந்தால் பார்ப்போம், வராவிட்டால் திரும்புவோம் என்று போகிறோம். இந்த நூற்றாண்டு கால மாற்றத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சீபு தீவைச் சுற்றிய புல்வெளி அழியாமல் இருந்தால், இன்று காணக் கிடைக்காததை அவர்கள் நாளை காண்பார்கள்.