இரும்பு அறுவடை: நூறு வருஷமா வயல்ல கிடைக்கிற குண்டுகள்

இன்னைக்கு ஒரு பூஜாடியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

பெல்ஜியத்துல ஈப்ர்னு ஒரு சின்ன நகரம். முதல் உலகப் போர்ல 1914-ல இருந்து 1918 வரைக்கும் அந்த ஊரைச் சுத்தியே சண்டை நடந்தது. அங்க போயிருந்தப்போ, பழைய சாமான் கடை ஒண்ணுல பித்தளை ஜாடி பார்த்தேன். உடம்பு முழுக்க இலையும் பூவும் செதுக்கியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தா, அடியில ‘18 பி.ஆர்.’னு ஆங்கில முத்திரை, பக்கத்துல 1917.

அது ஜாடியே இல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தோட 18 பவுண்டர் பீரங்கிக்கான பித்தளை உறை. சுட்டதும் குண்டு பறந்து போயிடும். உறை பீரங்கிக்குப் பக்கத்திலேயே விழும். உள்ள இருந்த மருந்து எரிஞ்சு முடிஞ்சதால அது காலிப் பாத்திரம். அதை எடுத்து சிப்பாய்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் ஜாடி, சாம்பல் கிண்ணம்னு செஞ்சாங்க. இதுக்கு ‘ட்ரெஞ்ச் ஆர்ட்’னு பேர். சேகரிக்கிறவங்க பெரும்பாலும் தேடுறது இதைத்தான்.

சரி, உறை இங்க இருக்கு. பறந்து போன குண்டு எங்க?

மறுநாள் சைக்கிள்ல போறப்போ பார்த்தேன். வயலோரத்துல ஒரு கம்பத்தடியில, மண் ஒட்டின பெரிய கிழங்கு மாதிரி மூணு இருந்தது. போட்டோ எடுத்துட்டு, தொடலாம்னு கையை நீட்டினேன். ஏதோ தோணி நிறுத்திட்டேன். ராத்திரி தங்கியிருந்த வீட்டம்மாகிட்ட சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. “எங்க ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதைத் தொடக்கூடாதுன்னு” அப்படின்னாங்க.

உழும்போது குண்டு கிடைச்சா விவசாயி போலீஸுக்குச் சொல்வார். அவங்க ‘டோவோ’ங்கிற ராணுவக் குழுவுக்குச் சொல்வாங்க. அந்தக் குழு வந்து எடுத்துட்டுப் போகும். வருஷா வருஷம் நூறு டன்னுக்கு மேல. அங்க இதுக்குப் பேரே ‘இரும்பு அறுவடை’.

இவ்வளவு குண்டு ஏன் வெடிக்கல? 1915-ல பிரிட்டனுக்குக் கடுமையான குண்டுப் பற்றாக்குறை. அதுக்குன்னே தனி அமைச்சகம் தொடங்கி, லாயிட் ஜார்ஜ்கிட்ட கொடுத்தாங்க. புதுப்புது தொழிற்சாலைகள், அனுபவமில்லாத ஆட்கள், அவசரம். எண்ணிக்கை ஏறுச்சு, தரம் அடி வாங்குச்சு. 1916-ல பிரான்ஸ்ல சோம் போருக்கு முன்னாடி ஒரே வாரத்துல 15 லட்சம் குண்டு சுட்டாங்க. அதுல நிறைய வெடிக்கவே இல்ல. ஈப்ர் பக்கம் இன்னொரு காரணமும் சேர்ந்தது: சேறு. கெட்டியான தரையில மோதினாத்தான் ஃபியூஸ் வேலை செய்யும். 1917 மழையில சதுப்பாகிப்போன நிலத்துல குண்டு மெத்தைக்குள்ள போற மாதிரி போய்ப் புதைஞ்சிடுச்சு.

இப்போ கிடைக்கிற ஒண்ணை எப்படி அடையாளம் காண்றாங்க? முதல்ல குறுக்களவும் வடிவமும். அடுத்தது, குண்டோட இடுப்புல ஒரு செம்புப் பட்டை இருக்கும். பீரங்கிக் குழாய்க்குள்ள இருக்கிற சுருள் வரிகள் அதுல பதியும். பட்டை வழவழன்னு இருந்தா, சுடப்படாத குண்டு. வரி பதிஞ்சிருந்தா, சுட்டும் வெடிக்காத குண்டு. ரெண்டாவதுதான் ரொம்ப மோசம். ஏன்னா ஃபியூஸ் ஏற்கெனவே தயார் நிலைக்குப் போயிருக்கலாம்.

அப்புறம் விஷவாயு. ஜெர்மானியர்கள் பச்சை, நீலம், மஞ்சள்னு சிலுவைக் குறி போட்டு வகை பிரிச்சாங்க. மஞ்சள்னா மஸ்டர்ட் கேஸ். 1917 ஜூலையில முதல்முறையா அதைப் போட்டதே ஈப்ர் பக்கத்துலதான். மண்ணுக்குள்ள நூறு வருஷம் கிடந்ததுல பெயின்ட் போயிடுச்சு. அதனால எக்ஸ்-ரே எடுக்குறாங்க. குண்டைச் சாய்ச்சு வெச்சா உள்ள திரவத்தோட மட்டம் நகருதான்னு பார்ப்பாங்க. நகர்ந்தா அது வேற வரிசை.

துரு ஏறினா குண்டு செத்துப்போச்சுன்னு நினைக்கிறோம். அது தப்பு. அந்தக் காலத்துல நிறைய குண்டுகள்ல பிக்ரிக் அமிலம் நிரப்பினாங்க. அது சில உலோகங்களோட சேர்ந்தா, லேசா தட்டினாலே வெடிக்கக்கூடிய உப்புகள் உருவாகும். வயசாக ஆக ஆபத்து கூடும். 2014 மார்ச்ல ஈப்ர்ல கட்டட வேலை நடந்த இடத்துல ஒரு பழைய குண்டு வெடிச்சு, ரெண்டு தொழிலாளிகள் செத்துப்போனாங்க. போர் தொடங்கி கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு! அவங்க சேகரிக்கப் போனவங்க இல்ல, கூலி வேலைக்கு வந்தவங்க.

அந்த ஜாடியை நான் வாங்கல. விமானத்துல விடமாட்டாங்கங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, அதோட ஜோடி எந்த வயல்ல கிடக்குதுன்னு யோசிச்சதும் ஷெல்ஃப்ல வெச்சு ரசிக்க மனசு வரல.

பழைய குண்டைப் பக்கத்துல பார்க்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா, மியூசியம் போங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல சுட்ட எம்டன் கப்பலோட குண்டுத் துண்டு எழும்பூர் மியூசியத்துல இருக்கு. வேற எங்கயாவது, வயல்லயோ கடற்கரையிலயோ, துருப்பிடிச்சு ஒண்ணு கிடந்தா கையை நீட்டாதீங்க. தள்ளிப் போய் 100-க்கு போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.