மதுரை வட்டாரப் பேச்சில் போர்ச்சுக்கீசிய, டச்சுப் பெயர்ச்சொற்கள்

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் அன்றாடம் புழங்கும் சன்னல், சாவி, அலமாரி, பீப்பாய் ஆகியவை போர்ச்சுக்கீசிய மூலம் கொண்டவை. துட்டு, கக்கூஸ் இரண்டும் டச்சு மூலம் கொண்டவை என்பர். முன்னது ஒரு செப்புக்காசின் பெயர். பின்னதன் இறுதிப்பகுதி வீட்டைக் குறிக்கும் சொல். ஜெர்மனின் ஹவுஸ், ஃப்ரீசியனின் ஹூஸ் ஆகியவற்றுக்கு உறவானது. தமிழில் ஒலிக்கும் ‘கூஸ்’ ஃப்ரீசிய வடிவத்துக்கு நெருக்கமாகத் தோன்றினாலும், ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து ஒரு சொல்லின் பிறப்பிடத்தை முடிவுசெய்ய இயலாது. அது வந்த வழியும் பொருந்த வேண்டும்.

துறைமுகம் இல்லாத மதுரைக்கு இச்சொற்களைக் கொண்டுவந்தவர் யார்? 1606-இல் இங்கு வந்த இராபர்ட் தெ நோபிலியின் மறைப்பணி என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்ற பெயரை மறுத்துத் துறவிக் கோலம் பூண்ட நோபிலி, சமயக் கருத்துகளுக்குத் தமிழ், வடமொழிச் சொற்களையே நாடினார். டச்சுக்காரருக்கோ மதுரையில் மறைப்பணித்தளமே இல்லை. சாவியும் பீப்பாயும் பூசைக்குரிய சொற்களும் அல்ல. வாங்கி விற்கும், பூட்டி வைக்கும் பொருள்களைச் சார்ந்தவை. எனவே தூத்துக்குடியைச் சார்ந்த கடற்கரையான முத்துக்குளித்துறையின் வணிகமே பொருத்தமான வழி. 1530-களில் அங்கே பரதவர் கிறித்தவம் தழுவினர். நோபிலிக்கு முன்பே, 1595 அளவில், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் மதுரையில் கவனித்துவந்தது பரதவரையும், வந்துபோன போர்ச்சுக்கீசியரையும்தான். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானபோது அதே வணிகத் தொடர்பில் புதிய சொற்களும் சேர்ந்தன எனக் கருதலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். அலமாரி இந்துஸ்தானியிலும் ஆங்கிலேயர் பேச்சிலும் இருந்ததால், பிற்காலத்தில் வடக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒன்று. அந்த ஒரு சொல்லுக்கு இதை ஏற்கலாம். சன்னலுக்கு ஆங்கிலேயரின் துணை தேவைப்படவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘துட்டு’க்கு ஒத்த, மென்மையாக ஒலிக்கும் ‘duḍḍu’ என்ற சொல் இருப்பதால் அது நாயக்கர் ஆட்சியில் வந்திருக்கலாம் என்பது மற்றொன்று. 1529 முதல் 1736 வரை தெலுங்கு பேசும் அரசகுலம் ஆண்ட ஊரில் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் துட்டை விலக்கினாலும் வாதம் நிற்கும். சாளரம், பலகணி, திறவுகோல் என்ற பழைய சொற்கள் எழுத்தில் நிலைத்திருக்க, பேச்சில் மட்டும் சன்னலும் சாவியும் வென்றன. நூல் வழியே வந்த சொற்களாக இருந்தால் இந்த நிலை தலைகீழாக இருந்திருக்கும். ஆகவே இவற்றைச் சந்தைவழிக் கடன்சொற்கள் என வகைப்படுத்துவதே தகும்.