ஹிரோசிமா அமைதி நினைவுப் பூங்கா

ஜப்பானின் ஹிரோசிமா நகரில், ஹொன்காவா, மோட்டோயாசு ஆறுகளுக்கு இடையே இப்பூங்கா அமைந்துள்ளது. 1945 ஆகஸ்ட் 6 காலை அணுகுண்டு விழும்வரை இது கடைகளும் வீடுகளும் நெருங்கியிருந்த நகாஜிமா பகுதியாகும். இன்றைய புல்வெளியில் நடப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

பூங்காவை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே. 1952இல் திறக்கப்பட்ட நினைவு வளைவின் முன் நின்றால், அதனூடே எதிர்க்கரையில் சிதைந்து நிற்கும் குவிமாடக் கட்டடம் நேராகத் தெரியும்.

குண்டுவீச்சில் கொரியர்களும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்கான நினைவுத்தூண் 1970இல் எழுப்பப்பட்டது. ஆனால் பூங்காவுக்கு வெளியே, ஹொன்காவா பாலத்துக்கு அப்பால். இறந்தவர்களிலும் வேற்றுமையா என்ற கேள்வி நெடுங்காலம் எழுந்தது. 29 ஆண்டுகள் கழித்து, 1999இல்தான் தூண் உள்ளே கொண்டுவரப்பட்டது. இன்று அது பூங்காவின் மேற்குப் பக்கத்தில், கல் ஆமையின் முதுகின்மேல் நிற்கிறது.